மெதுவா ஓட்டுறது வேற... மென்மையா ஓட்டுறது வேற!

பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் வந்தால், நடுத்தரக் குடும்பங்களில் எதைத் தள்ளிப்போடலாம் என்ற கணக்கு ஆரம்பித்துவிடும். அப்போது முதலில் கண்ணில் படுவது வாசலில் நிற்கும் கார். ‘ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, சர்வீஸை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.’

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஒரு தம்பதியின் வீட்டிலும் இதே கதைதான். அவர்களுடையது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்கிறது காரோடு வந்த கையேடு. கார் ஓடியது 7,000 கிலோமீட்டர்தான். ஆனால், கடைசி சர்வீஸ் முடிந்து 15 மாதங்கள் ஆகிவிட்டன.

“கிலோமீட்டரே ஆகலையே! அதுவும் நான் 40-க்கு மேல போறதே இல்ல” என்பது கணவரின் வாதம். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, நேரு வீதிப் பெரிய மார்க்கெட், எப்போதாவது ஜிப்மர். கார் போய்வரும் தூரம் அவ்வளவுதான். ஆனால், வரும் ஞாயிற்றுக்கிழமை வயதான அம்மாவை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் சென்னை போக வேண்டும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

“என்னங்க, மெதுவா போனா பழைய ஆயில் புதுசாயிடுமா?” என்று கேட்டார் மனைவி. சரியான கேள்வி.

டர்போ என்பது அடிப்படையில் ஒரு காற்றாடி. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக சக்தி. அதனால்தான் சின்ன இன்ஜின் பெரிய வேலை செய்கிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அதே ஆயில்தான் இன்ஜினுக்குள்ளும் ஓடுகிறது. ஆயில் கெட்டால் அடி இரண்டு இடத்தில் விழும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால், சூட்டைச் சமாளிப்பது பிறகும் பெரும்பாடாகவே இருந்தது. 1977-ல் பிரான்சின் ரெனோ நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி இன்ஜின் கெட்டு, புகை கக்கி நின்றதால், ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கேலி செய்தார்கள். இரண்டு வருடங்கள் போராடி, 1979-ல் சொந்த மண்ணிலேயே ஜெயித்தது ரெனோ.

சரி, நிதானமாக ஓட்டினால் பலன் இல்லையா? உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காவிட்டால் டர்போவின் வேகமும் சூடும் குறையும். ஆனால், ஊருக்குள் ஊர்ந்துகொண்டே இருப்பது நிதானம் ஆகாது. 2, 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடும் காரைவிட, இப்படி ஓடும் காரில் ஆயில் சீக்கிரம் கெடும். கையேட்டில் ‘ஒரு வருடம்’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு தவறு, மைலேஜ் கிடைக்கும் என்று 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நாலாவது, ஐந்தாவது கியரைப் போட்டு, வண்டி திணறத் திணற மிதிப்பது. வேகம் குறைவுதான். ஆனால், இன்ஜினுக்குச் சுமை அதிகம். கியரைக் குறைத்து, இன்ஜினைத் தாராளமாகச் சுழல விடுவதுதான் மென்மை.

தெருமுனை மெக்கானிக் ஒரு வழி சொன்னார். “மொத்த சர்வீஸுக்கும் இப்ப பணம் இல்லன்னா, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மட்டும் மாத்திடுங்க சார். மத்தது அடுத்த மாசம் பண்ணலாம். பிரேக்கையும் டயரையும் நான் பார்த்துடறேன்.” வாரன்டி இருக்கும் கார் என்றால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே செய்து பில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் ஆவது சில ஆயிரங்கள். டர்போ போனால் செலவு பல பத்தாயிரங்கள்.

ஆயில் மாற்ற ஓரிரு நாள் தாமதமாகும் என்றால், அதுவரை கவனிக்க வேண்டியவை இவை. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், கையேட்டில் உள்ள அதே கிரேடு ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். இன்ஜின் சூடாகும்வரை விரட்டக் கூடாது. வேகமாக வந்து நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கலாம். நீலப் புகை, புதிதாக விசில் சத்தம் என்றால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ என்ற பேச்சே கூடாது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, டோ வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த வீட்டில் சனிக்கிழமையே ஆயில் மாற்றியாகிவிட்டது. அடுத்து மாற்ற வேண்டிய தேதியை, சமையலறை மாதக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார் மனைவி. கிலோமீட்டரை எழுதவில்லை, தேதியை மட்டும்தான்.