தெகிவளைக்கு ஒரு பயணத் திட்டம்

எமது கிராமமாகிய கிளிவெட்டி, திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பகுதியில் வயல்கள் சூழ அமைந்துள்ளது. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அப்பப்பா, தம்பி, நான் என ஐவர் வாழ்கின்றோம். அப்பாவும் அம்மாவும் வயலை நம்பியவர்கள். அப்பப்பா மட்டும் கடலின் மனிதர். சிறு வயது முதல் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் சம்பூர்ப் பக்கக் கரையோரத்தில் வலை வீசியவர். 2006 ஆம் ஆண்டு யுத்தத்தின்போது இடம்பெயர்ந்து, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, மறு வருடம் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமை வந்தடைந்தார். 2015 ஆம் ஆண்டு முதல் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோதிலும், அதற்கிடையில் அப்பா இவ்வூரிலேயே திருமணம் செய்து வேரூன்றிவிட்டார். அப்பப்பாவின் முழங்கால்களும் தளர்ந்துவிட்டன. ஆகவே அவர் கடலைவிட்டு எங்களோடு தங்கிவிட்டார்.

2024 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்னர், கனடாவில் வசிக்கும் மாமி ஒரு காணொளி அனுப்பினார். ரொறொன்ரோ நகரில் 2013 இல் திறக்கப்பட்ட பெரிய மீன் காட்சியகம் அது. கண்ணாடிச் சுரங்கத்தினுள் நடைபாதை தானே நகர்கின்றது. தலைக்கு மேலே சுறாக்கள் நீந்துகின்றன. தம்பி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பப்பாவோ திடீரென என் கையிலிருந்த தொலைபேசியைப் பற்றிக்கொண்டார்.

“நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு! இது வேளா!”

வாள்போன்ற நீண்ட அலகின் இருமருங்கும் பற்கள் கொண்ட மீன் கண்ணாடியின்மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. இளவயதில் அப்பப்பாவின் வலையில் ஒருமுறை வேளா சிக்கியதாம். வலையைக் கிழித்துக் கந்தலாக்கிய பின்னர்தான் அது அடங்கியதாம். இன்று இலங்கைக் கடலில் அந்த இனம் காணக் கிடைக்காத அளவுக்கு அருகிவிட்டது. காணொளியை அவர் நான்கு தடவை பார்த்தார். பின்னர் மெதுவாகச் சொன்னார்: “நாற்பது வருசம் மீன் பிடிச்சன். ஒரு மீன் தன்ர பாட்டுக்கு எப்படி இருக்குமெண்டு ஒருநாளும் பார்க்கேல்லை. நான் கண்டதெல்லாம் துடிக்கிற மீனும் செத்த மீனும்தான்.”

அன்றிரவே பயணப் பேச்சு ஆரம்பமாயிற்று.

கனடா எமக்கு எட்டாக்கனி. அப்பா முதலில் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவைக் குறிப்பிட்டார். 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அத்தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. குட்டிச் சுறாக்கள் முழங்காலளவு நீரிலும் வருவதுண்டு. எமது மாவட்டத்திலேயே இருப்பதால் செலவும் குறைவு. ஆனால் அங்கே மீன்களைப் பார்ப்பதற்குக் கண்ணாடி அணிந்து முகத்தை நீருக்குள் அமிழ்த்தி மிதக்கவேண்டும். படகிலிருந்து இறங்குவதற்கே அப்பப்பாவின் கால்கள் இடம்கொடா. எனவே தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலுள்ள மீன் காட்சியகமே பொருத்தமானது என்று முடிவு செய்தோம். ஹேகன்பெக் என்னும் ஜேர்மானியர் ஆரம்பித்த அவ்விடத்தை 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கே கடல் மீன்களையும் நன்னீர் மீன்களையும் நின்றபடியே பார்க்கலாம்.

திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொப்பி ஒன்றை எடுத்து எழுதினேன். கிளிவெட்டியிலிருந்து பேருந்தில் மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து இரவுப் புகையிரதத்தில் கந்தளாய், கல்லோயா, மாகோ தாண்டிக் கொழும்புக் கோட்டை. புகையிரதம் திருகோணமலையிலிருந்தே புறப்படுவதால் அப்பப்பா நெரிசலின்றி ஏறி அமரலாம். மறுநாட் காலை கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் தெகிவளை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று அந்தப் பாதை கடலை ஒட்டியே செல்கின்றது. அது அப்பப்பாவுக்குப் பிடிக்கும் என்று கொப்பியின் ஓரத்தில் குறித்துவைத்தேன். நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டி. அன்றிரவு வெள்ளவத்தையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் வீட்டில் தங்குவதென்று பேசினோம்.

இதைக் கேட்ட அப்பப்பா சிரித்தார். “எங்கட காலத்தில மூதூரிலிருந்து லோஞ்ச், கிண்ணியாவில பாதை. பாலம் வந்ததே 2009 இலதானே!” எங்கள் பக்கத்தில் துறையைக் கடக்கும் மிதவையைத்தான் பாதை என்பார்கள். தம்பிக்கு அது விளங்கவில்லை.

செலவுக் கணக்குத்தான் இடித்தது. சிறுபோக நெல்லை விற்ற பணத்தில் உரக் கடன் போக மிஞ்சியது நால்வருக்கே போதுமாக இருந்தது. “பசு கன்று போடுற நாள். நான் நிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ” என்றார் அம்மா. பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போதும், திருவிழாவுக்குப் புடவை எடுக்கும்போதும் அம்மாவின் கணக்கு இப்படித்தான் முடியும். இம்முறை நான் விடவில்லை. பசுவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சம்மதம் பெற்றேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேண்டாம், புளிச்சோறும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போவோம் என்று எழுதியதை வெட்டித் திருத்தினேன். அப்படியும் குறைந்த தொகைக்குத் தம்பி தன் உண்டியலை உடைத்தான். உடைத்துவிட்டு அழுதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விடயம் என் மனதை அரித்துக்கொண்டேயிருந்தது. தெகிவளைக்குச் சென்று வந்த எமது விஞ்ஞான ஆசிரியையிடம் வேளாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். தான் சென்றபோது அப்படியொரு மீனைக் காணவில்லை என்றும், அங்குள்ளவை ரொறொன்ரோவைப் போலன்றிச் சிறிய தொட்டிகளே என்றும் அவர் கூறினார். இதை அப்பப்பாவிடம் மறைப்பதா, சொல்வதா? இரண்டு நாட்கள் தயங்கினேன். அவர் புதுச் சாரத்தை மடித்துப் பையில் வைப்பதைக் கண்டதும் பொறுக்கமுடியவில்லை. அருகில் அமர்ந்து உள்ளதைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “உப்புத் தண்ணிய எப்படிப் பழுதாகாம வைச்சிருக்கிறவங்கள்?” என்று கேட்டார். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும்; அது மீனுக்கு நஞ்சு; வடியிலே வாழும் பற்றீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றிவிடும் என்று படித்ததைக் கூறினேன். தலையாட்டிக் கேட்டார்.

“வேளா இல்லாட்டிப் பரவாயில்லை, பிள்ளை. மீனுக்குக் கண்மடல் இல்லைத்தானே. கண்ணை மூடாத சாமான் எப்ப நித்திரை கொள்ளுது? அதைப் பார்த்திட்டு வருவம்.”

புறப்படும் நாளன்று பேருந்து பிற்பகலில்தான் வரும் என்று தெரிந்திருந்தும், காலை ஏழு மணிக்கே அப்பப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படலையடியில் நின்றிருந்தார்.