தண்ணீரை எண்ணிய ஏழு நாட்கள்

பாலைக்கென்று தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வறண்டால் அதுவே பாலை என்று நம் முன்னோர் வகுத்தனர். வகுப்பில் இதைப் படித்தபோது, தேர்வுக்கு வேண்டிய ஒரு செய்தி என்றே கொண்டேன். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுற்றிய ஏழு நாட்கள் அதன் பொருளைக் காட்டின. நண்பர்களே, அங்குள்ள பள்ளத்தாக்குகளின் எழிலைப் பலர் பாடியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது தண்ணீரைப் பற்றி.

என் அக்காள் ஃபீனிக்ஸ் நகரில் வாழ்கிறாள். விடுமுறைக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சென்றிருந்தோம். அவ்வாண்டு ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள், ஒரு நாளும் தவறாமல், அந்நகரின் பகல் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. வெளியே செருப்பின்றிக் கால் வைக்க முடியாது. “வீட்டுக்குள் அடைந்து கிடக்கவா கடல் கடந்து வந்தோம்?” என்று அப்பா கேட்டார். அத்தான் ஒரு வாரத்திற்கு ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தார்.

அது சக்கரத்தின்மேல் ஏற்றிய ஓர் ஒண்டுக்குடித்தனம். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. நாங்கள் ஆறு பேர். வண்டியின் தொட்டியோ 150 லிட்டர் தண்ணீர்தான் கொள்ளும். பயன்படுத்திய நீரும் இன்னொரு தொட்டியில் சேர்ந்து நம்முடனேயே வரும். அதற்கென உள்ள இடத்தில்தான் இறக்க வேண்டும். வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது; மூடினால் மறைகிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. அந்த வண்டியில் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் மாலையே அக்காள் மகன் அரை மணி நேரம் குளித்தான். தொட்டியின் அளவுகாட்டி பாதிக்குக் கீழே இறங்கியது. அன்றிரவே அம்மா ஆட்சியைக் கைப்பற்றினார். அரிசி களைந்த நீர் பாத்திரம் கழுவப் போயிற்று. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. பல் துலக்க ஒரு குவளை. “எங்கள் ஊர்க் கிணறு வற்றிய ஆண்டில் இப்படித்தான்” என்றார். அமெரிக்க வண்டி எங்கள் பாட்டி வீட்டுச் சட்டத்தின்கீழ் வந்தது.

ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஏறினால் பிளாக்ஸ்டாஃப். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். கள்ளிகள் மறைந்து பைன் மரக் காடு சூழ்ந்தது, காற்று குளிர்ந்தது. காலையில் பாலை, நண்பகலில் குறிஞ்சி! கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது எங்களில் எவரும் பேசவில்லை. 446 கிலோமீட்டர் நீளம். சராசரியாக ஒரு மைல் ஆழம். காலடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுகள் பழையது. அடியில் தெரியும் கரும்பாறை 170 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதற்கு விஷ்ணு என்றே பெயர். இவ்வளவையும் அறுத்தது கொலராடோ ஆறு.

அப்பா பொதுப்பணித் துறையில் சேர்ந்து, மேட்டூர் அணையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆற்றைக் கண்டால் காலை நனைக்காமல் வரமாட்டார். “கீழே இறங்கி அந்த நீரைத் தொட வேண்டும்” என்றார். அக்காள் மறுத்தாள். அப்பாவுக்கு வயது 66. ஆற்றுக்கு ஏறக்குறைய எட்டு மைல் நடை. 4,400 அடி இறக்கம். “மலையில் களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே களைத்த பிறகுதானப்பா ஏற வேண்டும்!” என்றாள். அவர் முகம் வாடிற்று. “இன்னொரு முறை வரப்போகிறேனா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் விடை இல்லை.

இறுதியில் விடியுமுன் அப்பாவும் நானும் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினோம். ஒன்றரை மைலில் உள்ள ஓய்வு மண்டபம் வரை என்று அக்காளுக்கு வாக்கு. அப்பள்ளத்தாக்கில் ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கும்போதும் வெப்பம் ஏறக்குறைய 3 பாகை செல்சியஸ் கூடுகிறது. விளிம்பில் இதமாக இருக்கும் நாளிலும் ஆற்றங்கரை கொதிக்கும். கோடையில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை உள்ளே நடக்க வேண்டாம் என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள்.

மண்டபத்தை அடைந்தோம். கீழே பாதை வளைந்து வளைந்து அழைத்தது. ஆறு கண்ணில் படவில்லை. அப்பா நீண்ட நேரம் அத்திசையையே நோக்கினார். இன்னும் சிறிது தூரம் போகலாம் என்பார் என்று நான் அஞ்சினேன். அவர் தம் பையிலிருந்த நீர்க்குப்பிகளை எடுத்துக் கல்லின்மேல் வரிசையாக வைத்தார்.

“இறங்க ஒரு பங்கு ஆயிற்று. ஏற இரண்டு பங்கு வேண்டும். கணக்குச் சரி; இதற்குமேல் போனால் கடன்” என்றார். எழுந்தார், மேல்நோக்கி நடந்தார். அவரைத் தடுத்தது முதுமையன்று, நாற்பதாண்டு அணைக்கணக்கு.

மறுநாள் பள்ளத்தாக்கின் கிழக்கு முனையிலிருந்து ஆறு ஒரு நூல்போல் தெரிந்தது. அங்கிருந்து நவஹோ பழங்குடியினரின் நிலத்தின் வழியே வடக்கே சென்றோம். மரமில்லாச் செம்மண் வெளி, அனல் காற்று. எதிரே வந்த வண்டிகள் சிலவற்றின் பின்புறம் பெரிய நீர்த்தொட்டிகள். உல்லாசப் பயணத்திற்காக அல்ல; வீட்டுக்குக் குடிநீர். அந்நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய் நீர் இல்லை. அவர்களுக்கு நீர் பெற்றுத்தர நடவடிக்கை எடுக்கும் கடமை, 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அரசுக்கு இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில்தான் தீர்ப்பளித்திருந்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். நாங்கள் ஏழு நாள் விளையாட்டாக எண்ணிய தண்ணீரை அவர்கள் ஆயுள் முழுவதும் எண்ணுகிறார்கள். வண்டிக்குள் யாரும் குழாயைத் தொடவில்லை.

அன்று பிற்பகல் லீஸ் ஃபெர்ரி என்னுமிடத்தை அடைந்தோம். செங்குத்துப் பாறைகள் அங்கே விலகி நிற்பதால் வண்டி ஆற்றங்கரை வரை செல்லும். அப்பாவுக்காக இவ்வழியைத் தேடி வைத்தவள் அக்காள். கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம் என்று பொருள். நாங்கள் கண்ட ஆறோ பச்சை. செம்மண் எல்லாம் மேலே உள்ள கிளென் கேன்யன் அணையின் பின்னே தங்கிவிடுகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே நெருப்பு, நீர் அணையின் ஆழத்திலிருந்து வருவதால் பனிக்கட்டி. “ஐயோ!” என்று சிறுபிள்ளைபோல் கூவினார். பேரனும் குதித்தான்.

கரையேறியதும் கணக்குப் போட்டார். 1922ஆம் ஆண்டு ஏழு மாநிலங்கள் செய்த ஒப்பந்தம் இவ்விடத்தையே எல்லையாக வைத்து, மேலே 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழே 75 இலட்சம் ஏக்கர் அடி என்று ஆற்றைப் பங்கிட்டது. ஒரு பங்கே 327 டி.எம்.சி.; மேட்டூர் அணையை மூன்றரை முறை நிரப்பலாம். கணக்கிட்டவை மழை மிகுந்த ஆண்டுகள். 2000க்குப் பிறகு சராசரியாக அவ்வளவு நீர் வரவில்லை. நவஹோ மக்களைப் பங்கிடும்போது எவரும் அழைக்கவுமில்லை.

“நம் காவிரி ஒப்பந்தம் 1924. இரண்டு ஆண்டுதான் வித்தியாசம்” என்றார் அப்பா. “வரும் வெள்ளத்தைப் பார்த்து எல்லோரும் பங்கு எழுதுகிறார்கள். வராத ஆண்டுக்குத்தான் எழுதத் தெரியவேண்டும்.”

கோடையில் நம் விடுதிக் குழாய்கள் வறண்டு, லாரி வந்ததும் வாளிகளோடு ஓடுகிறோம் அல்லவா? அப்போது ‘யார் முதலில்’ என்பதே நம் பூசல். எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர், நாளைக்கு எவ்வளவு என்று முதலில் எண்ணினால் பூசல் பாதி தீரும். வறண்ட குறிஞ்சியும் முல்லையுமே பாலை என்றால், நம் ஊர் எதுவும் அதற்கு விலக்கன்று.