பாறையில் தொடங்கும் பனிப்பாதை

ஹைதராபாத்திலிருந்து வாரங்கல் பக்கம் ஏறக்குறைய 50 கி.மீ. போனால் சமவெளியில் திடீரென்று ஒரு பாறை எழுந்து நிற்கும். யாரோ கவிழ்த்து வைத்த பானை போல ஒரே கல். சுமார் 500 அடி உயரம். உச்சியில் கோட்டை. ஊரின் பெயர் புவனகிரி. பேச்சு வழக்கில் போங்கிர். கோட்டையைக் கட்டியவன் மேலைச் சாளுக்கிய மன்னன் திரிபுவனமல்ல ஆறாம் விக்கிரமாதித்தன் என்பார்கள். முதலாம் குலோத்துங்க சோழனின் தீராப் பகையாளி என்று தமிழர்களுக்கு அவனை அறிமுகம் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து, வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிற இடம் இது. 2013ல் இங்கே வேறொரு கூட்டம் வந்தது. அப்போதைய ஆந்திரப் பிரதேச அரசின் சமூக நல உறைவிடப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 110 மாணவ மாணவிகள். பெரும்பாலும் தலித், ஆதிவாசிக் குடும்பங்களின் பிள்ளைகள். பாறை ஏறக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஹைதராபாத்துக்கும் பனிக்கும் சம்பந்தமே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். 2004ல் இந்திரா பார்க் அருகே செயற்கைப் பனி விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டபோது, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நகரமே வரிசையில் நின்றது. வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், விறைத்த கைகளோடு சிரித்தபடி வெளியே வருவது ஒரு மாலைப் பொழுதுபோக்கு. உண்மையான பனிக்கு ஒரு பெருங்கூட்டத்தை அழைத்துப் போவது வேறு விஷயம். அங்கே வெளியே வரும் கதவு எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தீர்மானம் போங்கிர் பாறையிலேயே தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் சேகர் பாபு, 2007ல் எவரெஸ்ட் ஏறியவர். பாறையேற்றத்தில் முதலில் கற்க வேண்டியது ஏறுவதல்ல. முடிச்சுப் போடுவது, இடுப்புப் பட்டையைச் சரிபார்ப்பது, கீழே கயிற்றைப் பிடித்திருப்பவரின் குரலுக்குக் கட்டுப்படுவது. கருங்கல் சரிவில் பயந்து பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். உடலைப் பாறையிலிருந்து விலக்கி, பாதத்தில் எடையை இறக்கினால்தான் பிடிப்பு கிடைக்கும். எதைச் செய்யாதே என்று உடம்பு கெஞ்சுகிறதோ அதைத்தான் செய்தாக வேண்டும்.

110 பேரில் 20 பேர் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். இடம் டார்ஜீலிங்கின் இமயமலை மலையேற்றப் பயிற்சிக் கழகம். டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டில் கால் வைத்த மறு ஆண்டு, 1954ல் தொடங்கப்பட்டது. களப் பயிற்சிக்கு டென்சிங்கே தலைமை ஏற்றிருந்த நிறுவனம். அங்கே பயிற்சி முடித்து, சுமார் 17,000 அடி உயர ரேனாக் சிகரம் வரை போனார்கள். 20 பேரிலிருந்து 9 பேர். அவர்களுக்கு லடாக்கில் குளிர்காலப் பயிற்சி. பாறை கற்றுத்தர முடியாத இரண்டு பாடங்கள் அங்கே கிடைத்தன: கடுங்குளிர், மெலிந்த காற்று. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். நிஜாமாபாத் மாவட்டம் பாகலா கிராமத்தைச் சேர்ந்த விவசாயக் கூலிகளின் மகள் மாலாவத் பூர்ணா. கம்மம் மாவட்டம் சர்லாவைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக்கின் மகன் ஆனந்த் குமார்.

110, 20, 9, 2. பரீட்சை முடிவுகளைப் போலத் தோன்றும் இந்த எண்களைத் திட்டத்தின் எலும்புக்கூடு என்று சொல்லலாம். பெரிய குழுவை மலைக்கு அழைத்துப் போவது என்றால் எத்தனை பேரைச் சேர்ப்பது என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். இங்கே போட்ட கணக்கு யார் எந்த இடத்தில் நிற்பது என்பது. 108 பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் தன் உடம்பு தாங்கிய உயரம் வரை போய்விட்டு, பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

இந்தப் பள்ளிகளின் வரலாற்றில் தமிழர் ஒருவருக்குப் பங்கு உண்டு. 1980களில் ஆந்திராவில் இந்த உறைவிடப் பள்ளிகள் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர், தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன். பின்னாளில் பத்மபூஷண் விருதை வேண்டாம் என்று சொன்ன மனிதர். 2012ல் பள்ளிகளின் செயலாளரான ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ். பிரவீண் குமார்தான் மலையேற்றத் திட்டத்துக்கு உந்துசக்தி. சிகரத்துக்குப் புறப்பட்ட இரண்டு பிள்ளைகளும் தேசியக் கொடியோடு அம்பேத்கர், சங்கரன் படங்களையும் எடுத்துப் போனார்கள்.

நேபாளத்தில் எவரெஸ்ட் ஏற 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பூர்ணாவுக்கு 14கூட ஆகவில்லை. எனவே திபெத் பக்கத்து வடக்குப் பாதை. அவர்கள் மலையடிவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 2014 ஏப்ரல் 18 அன்று நேபாளப் பக்கத்தில் கும்பு பனியாற்றில் பெரும் பனிச்சரிவு. 16 நேபாள மலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். திரும்பிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. பிள்ளைகள் போகலாம் என்றார்கள். மே 25 காலை இருவரும் உச்சியில் இருந்தார்கள். பூர்ணாவுக்கு அன்று வயது 13 வருடம் 11 மாதம். எவரெஸ்ட் ஏறிய பெண்களிலேயே இளையவர். வழியில் ஆறு சடலங்களைக் கடந்து போக வேண்டியிருந்ததாகப் பின்னர் அவர் சொன்னார்.

அந்தச் சடலங்களைப் பற்றிப் படிக்கும்போது எந்தப் பெற்றோருக்கும் ஒரு கேள்வி எழும். 13 வயதுப் பெண் 'போகலாம்' என்று சொல்வது சம்மதம் ஆகுமா? நியாயமான கேள்வி. 'ஆகும்' என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தப் பதிலைச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குப் பாறையும் பனியும் குளிரும் பழகியிருந்தன. வேண்டாம் என்பதன் பொருளும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவள் கண்ணெதிரே பலர் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

எவரெஸ்ட் செய்தி வந்து சரியாகப் பதினான்கு நாட்கள். தெலுங்கானா மாநிலம் பிறந்து ஆறே நாட்கள். 2014 ஜூன் 8, ஞாயிறு மாலை. ஹைதராபாத்தின் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து கல்விச் சுற்றுலா போன நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்தில் மண்டி மாவட்டத்து தலௌட் அருகே வண்டியை நிறுத்தி, பியாஸ் ஆற்றின் கற்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் ஆறு எழும்பி வந்தது. 24 மாணவர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களில் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். உடல்களைத் தேடும் வேலை வாரக்கணக்கில் நீண்டது.

2016 ஜனவரியில் இமாச்சல் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு மாணவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பொறுப்பையும் பிரித்துக் கொடுத்தது: மின் வாரியத்துக்கு 60 சதவீதம், கல்லூரிக்கு 30, மாநில அரசுக்கு 10. எச்சரிக்காமல் தண்ணீர் விட்டது முதல் குற்றம். ஆனாலும் அந்த 30 சதவீதத்தை ஹைதராபாத் மறந்துவிடக் கூடாது. அழைத்துப் போனவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் போட்ட எண் அது. முன்பின் தெரியாத ஆற்றில் இறங்கலாமா என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் அந்தக் கரையில் ஒருவருக்கு அதிகாரம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில், ஒரே நகரத்திலிருந்து மலைக்குப் போன இரண்டு பயணங்கள். உலகின் மிக ஆபத்தான சரிவுகளில் ஒன்றுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். சாலையோரம் வண்டியை விட்டு இறங்கியவர்கள் திரும்பவில்லை.

கூட்டம்தான் ஆபத்து, தனியாகப் போய்விடலாம் என்றும் சொல்ல முடியாது. நெல்லூர் மாவட்டத்து மல்லி மஸ்தான் பாபு ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். இரண்டிலும் படித்தவர். 2006ல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாளில் ஏறி முடித்தவர். 2015 மார்ச்சில் ஆண்டெஸ் மலையில் தனியாக ஏறப்போனவர் காணாமல் போனார். ஏப்ரலில் உடல்தான் கிடைத்தது. அவருக்குத் தெரியாத மலைப் பாடம் இருந்திருக்காது. பக்கத்தில் ஆள் இல்லை.

இன்று ஹைதராபாத்திலிருந்து பனி தேடிப் போகிற ஒருவருக்கு எவரெஸ்ட் எட்டாத தூரம். எட்டும் தூரத்தில் இருப்பது காஷ்மீரத்து குல்மார்க். 1998ல் கேபிள் கார் வந்தது. 2005ல் அதன் இரண்டாம் கட்டம் அப்பர்வாட் மலைச்சரிவில் சுமார் 3,950 மீட்டர் வரை நீண்டது. அங்கிருந்து சீர்செய்த தடங்களுக்கு வெளியே, கன்னிப் பனியில் சறுக்கி இறங்கத்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஹைதராபாத்திலிருந்து இருபது நண்பர்கள் இதற்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் காலை 540 மீட்டரில் காபி. மறுநாள் 3,950 மீட்டரில் நிற்கிறார்கள். அங்கே கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. எனவே 2,650 மீட்டரில் உள்ள குல்மார்க்கில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். சறுக்கத் தெரியாதவர்கள் அந்த நாட்களில் கீழ்ச்சரிவுகளில் கற்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமே குல்மார்க்கில் இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் கற்றவருக்கு மேல்சரிவு இல்லை. இருபது பேரில் மேலே போகத் தகுதி உள்ளவர் நான்கு பேர் என்றால் நான்கு பேர்தான். மறுபடியும் அதே போங்கிர் கணக்கு.

தடத்துக்கு வெளியே ஒரு வழிகாட்டிக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரைதான் வழக்கம். அதற்கு மேல் போனால் குழுவை உடைத்து இன்னொரு வழிகாட்டியைச் சேர்க்க வேண்டும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகள்தான் சறுக்க இதமானவை. பனிச்சரிவுக்கும் அவைதான் பிடித்தவை. அவற்றை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் மார்பிலும் சமிக்ஞைக் கருவி, பையில் நீளக் கம்பி, சிறு மண்வாரி. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு; அதன்பின் அது வேகமாகக் கரைகிறது. வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. காப்பாற்றப் போகிறவர்கள் கூட வந்த நண்பர்கள்தான். கருவியை இயக்கப் பழகாத நண்பர், அந்த நேரத்தில் இல்லாத நண்பர்.

இது பயமுறுத்தல் அல்ல. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேரைப் பனிச்சரிவு கொன்றது. 2023 பிப்ரவரியில் அப்பர்வாட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். பனி அதிகமானால் இப்படி. பனியே இல்லாமலும் போகலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆக, திட்டத்தில் சும்மா இருக்கும் நாட்களுக்கும் இடம் வேண்டும்.

சும்மா இருப்பதுதான் பெரிய குழுவுக்கு மிகவும் கஷ்டம். 'பணம் கட்டியாயிற்று', 'லீவு முடிகிறது', 'மற்றவர்கள் எல்லாம் போகிறார்களே'. மலையில் சொல்லப்படும் வார்த்தைகளில் இவைதான் ஆபத்தானவை. தனக்குப் பயமாக இருக்கிறது என்று இருபது பேர் நடுவில் எழுந்து சொல்ல யாருக்கும் கூச்சம். எனவே வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம், ஒருவர் திரும்பினால் அவரோடு இன்னொருவரும் திரும்புவார், போகாத நாளுக்குப் பணம் கேட்பதில்லை என்ற மூன்றையும் ஹைதராபாத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. பனியில் நின்று பேசி முடிவெடுக்க முடியாது.

2022 ஜூனில் அலாஸ்காவின் டெனாலி சிகரம் ஏறி, ஏழு கண்டங்களின் உச்சிகளையும் பூர்ணா முடித்தார். அவர் தொடங்கிய பாறை இன்னும் போங்கிரில் நிற்கிறது. வழுவழுப்பான அந்தக் கல்லில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று அங்கே போய்வந்த எவரும் சொல்வார்கள். ஹைதராபாத்தின் அந்த இருபது நண்பர்கள் விமான டிக்கெட் வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வரலாம். செலவு அதிகமில்லை. யார் யாருக்காக நிற்கிறார்கள், யார் நிற்காமல் போகிறார்கள் என்பது அந்த 500 அடியிலேயே தெரிந்துவிடும்.