அப்பன் மூக்கும் அணு உலையும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். "மூக்கு அப்படியே அப்பன் மூக்குல்லா!" என்பார் அப்பாவைப் பெற்ற ஆச்சி. "அதெல்லாம் சரி மயினி, கண்ணு எங்க வீட்டுக் கண்ணு" என்று அம்மாவைப் பெற்ற ஆச்சி விட்டுக்கொடுக்காமல் நிற்பார். இந்தச் சண்டையில் நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ஆனால் சண்டைக்கு முன்னாலேயே இரண்டு பேரும் துணியை விலக்கி ஒரு காரியம் செய்திருப்பார்கள். கைவிரல், கால்விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணியிருப்பார்கள்.

எல்லா ஊரிலும் எண்ணுவதுதான். கூடங்குளம் பக்கத்தில் மட்டும் அந்த எண்ணிக்கைக்குக் கனம் கொஞ்சம் அதிகம். காரணம், கடலோரத்தில் நிற்கும் அணு உலை.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் வெடித்ததை உலகமே டிவியில் பார்த்தது. அதன் பிறகு பக்கத்து ஊரான இடிந்தகரையில், லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். மீன் என்ன ஆகும், கடல் சூடாகுமா, சுனாமி வந்தால் எங்கே ஓடுவது, கழிவை எங்கே கொட்டுவார்கள் என்று நிறைய கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது. "பிறக்கப் போற பிள்ளைக்கு என்ன ஆகும்?"

2013 ஜூலையில் முதல் உலையும் 2016 ஜூலையில் இரண்டாவது உலையும் இயங்கத் தொடங்கின. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. "ஒன்றும் ஆகாது" என்று ஒரு பக்கமும், "தலைமுறையே ஊனமாகிவிடும்" என்று இன்னொரு பக்கமும் சொன்னார்கள். இரண்டு பதிலிலும் அவசரம் இருக்கிறது. நிதானமான பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் மரபியல் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு பாடம்தான்!

முதலில் அந்த மூக்கு விஷயத்தை முடித்துவிடலாம்.

ஆஸ்திரியப் பேரரசின் ப்ரூன் நகரத்தில் (இன்றைய செக் நாட்டில் இருக்கிறது) கிரிகோர் மெண்டல் என்ற துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலப்பு செய்தால் முதல் தலைமுறை முழுக்க உருண்டை. சுருக்கம் காணாமலே போய்விட்டது. அந்தத் தலைமுறையைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் சுருக்கம் திரும்ப வந்துவிட்டது! 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. 1866-ல் அச்சிலும் வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1900-ல் மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. அதற்குள் மெண்டல் இறந்து 16 வருடம் ஆகிவிட்டது.

மெண்டல் சொன்னதன் சாரம் இதுதான். ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒன்று ஓங்கி நின்றால் மற்றொன்று ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் அழியாது.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது சுலபம். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப் போனாலும் உள்ளே பிழை ஒளிந்திருக்கலாம் என்று முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள் இல்லையா? உடம்பும் அப்படித்தான். ஒரு பிரதி கெட்டுப் போயிருந்தாலும் இன்னொரு நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் நல்ல ஆரோக்கியமாக இருப்பார். பிழை மட்டும் சத்தமில்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போகும். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூக்கு மாதிரியான விஷயங்கள் பட்டாணி போல ஒரு மரபணுவில் முடிவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை. ஆகவே இரண்டு ஆச்சிகளுமே பாதி சரி!

அடுத்தது பிழை. அதற்குப் பெயர்தான் மியூட்டேஷன், தமிழில் சடுதிமாற்றம்.

மனிதனின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 23 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தாலே சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட டி.என்.ஏ. புத்தகம். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். 300 கோடி எழுத்தை நகல் எடுத்தால் பிழை வராமல் இருக்குமா? செல்லுக்குள்ளேயே தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலானதைத் திருத்திவிடுவார்கள். அதையும் மீறிச் சில தப்பிவிடும். அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை ஒவ்வொரு குழந்தையிடமும் இருக்கின்றன. அணு உலையே இல்லாத ஊரிலும் இதே கணக்குதான். அப்பாவின் வயது ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறுகிறது. இவற்றில் பெரும்பாலானவை நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை.

கதிரியக்கம் உள்ளே வரும் இடம் இதுதான். 1927-ல் அமெரிக்காவின் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, சடுதிமாற்றங்கள் பல மடங்கு கூடுவதைக் காட்டினார். 1946-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆகவே கதிர்வீச்சு மரபணுவைக் கெடுக்கும் என்பது கட்டுக்கதை அல்ல. கூடங்குளத்துத் தாய்மார்களின் பயத்துக்கு அறிவியலில் வேர் இருக்கிறது.

ஆனால் கெடுவது எந்த ஏடு என்று பார்க்க வேண்டும். ஒரு கிளைக் கடையின் தினசரிக் குறிப்பேட்டில் தப்பு நடந்தால் நஷ்டம் அந்தக் கடையோடு முடியும். தலைமை அலுவலகத்தின் இறுதி இருப்பில் தப்பு நடந்தால் அதுதான் அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பு. வருடா வருடம் தொடரும். தோல், நுரையீரல், தைராய்டு எல்லாம் கிளைக் கடை. அங்கே பிழை நேர்ந்தால் அந்த மனிதருக்குப் புற்றுநோய் வரலாம், பிள்ளைக்குப் போகாது. விந்தணு, கருமுட்டை இரண்டும்தான் தலைமை அலுவலகம். "பிறக்கப் போற பிள்ளை" பற்றிய கேள்வி இந்த இரண்டாவது ஏட்டைப் பற்றியது.

அந்த ஏட்டில் என்ன நடந்தது என்று உலகம் சில இடங்களில் எண்ணிப் பார்த்திருக்கிறது.

ஹிரோஷிமா, நாகசாகியில் 1945-ல் குண்டு விழுந்தது. 1948 முதல் சில வருடங்களில் அங்கே பிறந்த 70,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு கருவானவர்களிடம், பெற்றோர் பட்ட கதிர்வீச்சால் ஊனம் கூடியதாகப் புள்ளிவிவரம் காட்டவில்லை. அதே சமயம், கதிர்வீச்சு பட்டவர்களுக்கே ரத்தப் புற்றுநோயும் மற்ற புற்றுநோய்களும் கூடின. குண்டு விழுந்தபோது வயிற்றில் இருந்த சில குழந்தைகள் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிறந்தார்கள். இந்த வித்தியாசம் முக்கியம்.

செர்னோபில் உலை 1986 ஏப்ரலில் வெடித்தது. அங்கே கதிர்வீச்சு பட்ட பெற்றோருக்குப் பிறகு பிறந்த 130 பேரின் முழு டி.என்.ஏ.வையும் படித்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். புது சடுதிமாற்றங்கள் வழக்கத்தை விடக் கூடவில்லை. ஆனால் விபத்தின்போது சிறுவர்களாக இருந்த பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதுவும் உண்மை.

ஜப்பானும் உக்ரைனும் தூரம். கிட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குமரி முனையைத் தாண்டி மேற்கே திரும்பினால் மணவாளக்குறிச்சி. அங்கிருந்து கேரளத்தின் கொல்லம், சவரா, நீண்டகரை வரை கடற்கரை மணலில் ஆங்காங்கே மோனசைட் கலந்திருக்கிறது. மோனசைட்டுக்குள் தோரியம். அது இயற்கையாகவே கதிர்வீச்சை வெளியிடும். கேரளக் கரையில் சில இடங்களில் உலக சராசரியைப் போல 10 மடங்குக்கும் மேல்! உலையிலிருந்து பொதுமக்களுக்குப் போகலாம் என்று அனுமதித்த கூடுதல் அளவோ ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், அந்த சராசரியில் பாதிகூட இல்லை. யாரும் உலை கட்டாமலே, அந்த மணலில் வீடு கட்டி, வலை உலர்த்தி, பிள்ளை பெற்று எத்தனையோ தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள்.

அங்கே என்ன தெரிந்தது? 1976-ல் கொச்சுப்பிள்ளையும் மற்ற ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில், அந்தப் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் கூடுதல் என்று எழுதினார்கள். ஒப்பீடு சரியில்லை என்று விவாதம் எழுந்தது. பிறகு 1995 முதல் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மருத்துவமனைகளில் பிறந்த 1,40,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். அதிகக் கதிர்வீச்சுள்ள இடத்திலும் சாதாரண இடத்திலும் பிறவிக் குறைகளில் வித்தியாசம் தெரியவில்லை. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்விலும் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? அவசரப்பட வேண்டாம். 2002-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதே கரையில் 248 குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். தாய் வழியில் மட்டுமே வரும் சின்னஞ்சிறு ஏடு அது. கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்துக் குடும்பங்களில் மாற்றங்கள் கூடுதலாகவே இருந்தன. சுவாரஸ்யம் என்னவென்றால், அவை புதுப்புது இடங்களில் வரவில்லை. மனித இனம் உலகம் முழுக்கப் பரவிய பல்லாயிரம் வருடங்களில் எந்தெந்த எழுத்துக்கள் அடிக்கடி மாறி வந்தனவோ, அதே எழுத்துக்களே இங்கும் மாறியிருந்தன. அதாவது பிழை கூடியது, நோய் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிழைக்கும் நோய்க்கும் இடையில் இருக்கும் இந்த இடத்தில்தான் பரிணாமம் உட்கார்ந்திருக்கிறது.

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் பண்பைக் கண்டார்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, ரத்தக் குழாயை அடைத்து, உயிரை வாங்கும். ஒரு பிரதி மட்டும் இருந்தால்? கடுமையான மலேரியாவிலிருந்து அது பாதுகாப்பு! மலேரியா இருந்த காடுகளில் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிழையும் அவர்களோடு சேர்ந்து நிலைத்தது. ரத்த நோய்க்கும் மலேரியாவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று 1949-லேயே ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

சடுதிமாற்றம் எதையும் திட்டம் போட்டு வருவதில்லை. எழுத்து தன்பாட்டுக்கு மாறுகிறது. எந்த மாற்றம் தங்கும் என்பதை அந்த இடத்தின் வாழ்க்கை தீர்மானிக்கிறது. பிழையே இல்லாமல் நகல் எடுக்கப்பட்டிருந்தால் உலகத்தில் இன்னும் பாக்டீரியா மட்டும்தான் இருந்திருக்கும். அப்பன் மூக்கும் இல்லை, அதைப் பார்த்துச் சண்டை போட ஆச்சிகளும் இல்லை.

இப்போது ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வரிக்குத் திரும்பலாம். ஒரு கெட்ட பிரதி ஒன்றும் செய்யாது, இரண்டு சேர்ந்தால்தான் ஆபத்து. ஒவ்வொரு மனிதரும் இப்படிச் சில கெட்ட பிரதிகளைத் தெரியாமலே சுமக்கிறார். அன்னியர் இருவர் மணந்தால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு குறைவு. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா, ஆச்சியின் ஏட்டிலிருந்து நகல் எடுத்தவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் இன்னும் நெருக்கம். சாதாரணமாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்கு இருக்கும் பிறவிக் குறை, அத்தை மாமன் பிள்ளைகளின் திருமணத்தில் 4 முதல் 6 வரை போகலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 28 பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். இந்தியாவிலேயே இது மிக அதிகமான அளவுகளில் ஒன்று.

உலையைப் பார்த்துப் பயப்படும் அதே வீட்டில், "சொத்து வெளிய போகாது, பிள்ளையும் கண் முன்னாலேயே இருக்கும்" என்று தாய்மாமனுக்குப் பேசி முடிக்கிறார்கள். வெளியே தெரியும் கோபுரத்துக்குப் பயம், வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பிரதிக்குப் பயமில்லை! இதைச் சொன்னால் சொந்தத்தில் கட்டியவர்கள் பதற வேண்டியதில்லை. 100-ல் 94 குழந்தைகளுக்கு மேல் நன்றாகவே பிறக்கின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தால் மரபியல் ஆலோசனை கேட்டுவிட்டுத் தாம்பூலம் மாற்றலாம், அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து, "பார்த்தீர்களா, இடிந்தகரைக்காரர்கள் வீணாகப் பயந்தார்கள்" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்புக் கணக்கு. விபத்து நடந்தால் ஓட வழி உண்டா, கழிவு எங்கே போகும், கடலை நம்பியவனுக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் மரபியல் பதில் சொல்லும் கேள்விகள் அல்ல. விபத்தில் உடம்புக்கு நேர்வதும் சாதாரண நாளில் அடுத்த தலைமுறைக்கு நேர்வதும் வேறு வேறு.

கொல்லத்தில் நடந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பயத்துக்குப் பதில், வாக்குறுதியால் கிடைக்கவில்லை. குழந்தை குழந்தையாக எண்ணியதால் கிடைத்தது. கூடங்குளத்தைச் சுற்றியும் அதே போல எண்ண வேண்டும், எண்ணியதை ஊர் மக்களுக்குப் புரிகிற தமிழில் வருடா வருடம் திறந்து காட்ட வேண்டும். தணிக்கை செய்யாத கணக்கை எந்தப் பங்குதாரரும் நம்ப மாட்டார். இங்கே பங்குதாரர்கள் அந்த வராண்டாவில் நின்று விரல் எண்ணும் இரண்டு ஆச்சிகளும்தான்.