தாஹினியா... நம்ம எள்ளுதான் பாஸ்!

அரபு நாட்டு ஸ்வீட்ல போடுற தாஹினியோட விலையைப் பார்த்து மிரண்டுட்டீங்களா? விடுங்க பாஸ், அது நம்ம எள்ளுதான்! ஒரு கப் வெள்ளை எள்ளைப் படபடன்னு பொரியிற வரைக்கும் வறுத்து, 2 ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு மைய அரைச்சா தாஹினி ரெடி.

செமஸ்டர் லீவுல சிவகிரி வீட்ல களத்துல இறங்கினேன். அதோட கோதுமை மாவு, நெய், கருப்பட்டித் தூள் சேர்த்துப் பிசைஞ்சு தட்டி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழட்டின குக்கர்ல உப்பு பரப்பி, மேல தட்டு வெச்சு, சிம்ல 25 நிமிஷம். முதல் ஈடு... கரி!

தாத்தா போனதுலேர்ந்து எங்க வீட்ல எள்ளை எடுக்கிறது ஆடி அமாவாசைக்கு மட்டும்தான். அவருக்குப் பிடிச்ச எள்ளுருண்டையை ஆச்சி அப்புறம் செய்யவே இல்லை. ரெண்டாவது ஈட்டைப் பயந்துகிட்டே நீட்டினேன். கடிச்சாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ''உங்க தாத்தாவுக்கு இனிப்பு இன்னும் தூக்கலா வேணும்லே''ன்னாங்க.

மறுநாள் காலையில உரல் சத்தம். உங்க ஆச்சிகிட்டயும் ஒண்ணு நீட்டிப் பாருங்களேன்!