ஒரு வளவும் இரு வீடுகளும்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டனர். கல்லூரி வாழ்வின் இனிய நினைவுகளை எழுதுதற்கு வல்லார் பலர் உளர். யாமோ வேலணையில் எமது வளவிலே நிகழ்ந்த ஒன்றை எழுதத் துணிந்தோம். நாளை வீடு கட்டவிருக்கும் மாணவர்க்கு இது பயன்படுதல் கூடும்.

பெண்மக்களுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தல் யாழ்ப்பாணத்து வழக்கு. பெண்கள் இருவராயின் ஒரு வளவில் இரண்டாம் வீடு எழும். 1968ஆம் ஆண்டு எம் இளைய தங்கையின் விவாகத்தின்பொருட்டு எந்தையார் நாலு பரப்பு வளவிலே புதுமனை எழுப்பினார். மூத்தவளுக்குத் தாய்மனை. கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் இருவர்க்கும் பங்குண்டென நொத்தாரிசு உறுதி எழுதினார். வேலிக்கு உள்ளே எல்லாம் செம்மையாகவே பிரிக்கப்பட்டன. வேலிக்கு அப்பால் இருந்தோரை எவரும் எண்ணினோமல்லோம்.

எமது கிணறு ஈசான மூலையில் இருந்தது. ஆகவே புதுவீட்டு மலகூடக் குழியைத் தென்மேற்கு மூலையில் வெட்டுவித்தோம். அம்மூலையைக் காட்டியவர் யாமே. அங்கிருந்து முப்பது அடியில் அயலவர் கிணறு இருந்தது.

இரண்டாம் மாரிக்குப் பின் அயல்வீட்டுப் பெண்கள் குடத்தோடு தொலைவிலுள்ள கிணற்றுக்குச் செல்லத் தொடங்கினர். யாம் காரணம் கேட்டோமில்லை, அவர்களும் சொன்னாரில்லை. ஒருநாட் காலை, இரு வீட்டாரும் போக்குவரத்துச் செய்த வேலிப்பொட்டு அடைக்கப்பட்டிருந்தது.

தீவகத்து நிலம் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லை. மாரிமழை கல்லினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்குமென்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறையின், காலப்போக்கிற் கீழிருந்து 40 அடி உவர் ஏறும். கல்லின் வெடிப்புக்களோ கழிவுநீருக்குத் திறந்த வாய்க்கால்கள். எனவே இரண்டாம் வீட்டால் அயலுக்கு வருவது நிழலும் இரைச்சலும் மட்டுமன்று. மேலும் ஓர் இறைப்பும், மேலும் ஒரு குழியுமாம். நெடுந்தீவின் கல்வேலியாயினும் வேலணையின் கிடுகுவேலியாயினும் நிலத்தின் மேலேயே நிற்கும். நீர் வேலியை அறியாது.

1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, காணியை விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டுமென்கின்றது. விற்கும்போது அறிவிக்கும் நாம் கட்டும்போது அறிவிப்பதில்லை.

நிற்க. 1990இல் தீவக மக்கள் இடம்பெயர்ந்தனர். அயல்வீட்டுப் பெரியவர் வன்னியிலே காலமாயினார் எனக் கேள்வியுற்றோம். அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு எம்மிடமே தங்கிவிட்டது. பல ஆண்டுகளின் பின் யாம் மீண்டபோது புதுமனையில் அத்திவாரமே எஞ்சியிருந்தது. தாய்மனையைத் திருத்திக் குடிபுகுந்தோம்.

சென்ற ஆண்டு, கனடாவில் வாழும் மருமகன் அவ்வத்திவாரத்தின்மேல் மீண்டும் வீடு கட்ட விரும்பினான். பிரதேச சபைக்கு வரைபடம் கொடுத்தாற் போதுமென்றான். அதற்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டெனக் கூறி, யாம் அயல்வீடு சென்று, பெரியவரின் மகனை எம் வளவுக்கு அழைத்தோம். குழியை எங்கே வெட்டலாமென்று அவரிடமே கேட்டோம். அவர் நேரே தென்மேற்கு மூலைக்கு நடந்து சென்று நின்றார்.

"மாஸ்ரர், இந்த மூலையைத் தவிர எங்கை வேணுமெண்டாலும் வெட்டுங்கோ."

அவ்வளவே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீட்டார் அறிந்திருந்தனர். அவர் தந்தையிடம் கேட்கத் தவறியதை அம்மூலையில் வைத்தே மகனிடம் கேட்டோம். அவர் எம் கையைப் பற்றினார், விடை சொன்னாரில்லை.

குழி இப்போது இரு கிணறுகளுக்கும் தூரமாய், அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்துக் கட்டப்பட்டுள்ளது. கூரைநீரைச் சேர்க்கத் தொட்டியும் உண்டு. அதனாற் கட்டுச்செலவு கூடிற்று; மருமகன் சிறிது முணுமுணுத்தான். வேலிப்பொட்டு இன்னும் திறக்கப்படவில்லை. அதைத் திறக்கும் உரிமை எமதன்று.

தம்பிமாரே, வீட்டுக்கு நிலையம் எடுக்குமுன் வேலிக்கு அப்பாலும் ஒருமுறை சென்று கேளுங்கள்.