தூக்கும் காற்று

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஷீட் வேலை செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கஜா வராமல் போகாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த புயல். சாய்ந்த தென்னைகளைத்தான் ஊர் பேசியது. இவர்கள் பேசுவது பறந்துபோன கூரைகளைப் பற்றி.

"காத்து கூரைய அமுக்கும்னு நெனைக்கிறாங்க சார். அது தூக்கும்" என்றார் மேஸ்திரி. தேங்காய் நார் மில் ஒன்றுக்குப் புது ஷெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது சரிதான். கூரைக்கு மேலே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; திறந்த வாசல் வழியே புகுந்த காற்று உள்ளேயிருந்து முட்டுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் மோசம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம், அந்த இடங்களுக்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள கால்வால்யூம் ஷீட்டை அத்தனை இழுப்புக்கும் பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூதான்.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். கீழே பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடும் இடத்தை ஷீட்டின் மேல் நீலப்பொடி நூலால் கோடு அடித்திருந்தார்கள். கால் வைப்பதும் அந்தக் கோட்டில்தான். வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்ட பாலிகார்பனேட் ஷீட்டில் மட்டும் யாரும் மிதிப்பதில்லை.

ஸ்க்ரூவின் முனை ட்ரில் பிட் மாதிரியே இருக்கிறது. தகரத்தையும் பர்லினையும் தானே துளைத்து, தானே மரை போட்டு இறங்கிவிடும். தலைக்கடியில் கறுப்பு ரப்பர் ஒட்டிய வாஷர். கூரை ஷீட்டில் ஸ்க்ரூவை மேட்டில் அடிக்கிறார்கள், தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால். சுவருக்கு அடிக்கும் ஷீட்டில் பள்ளத்தில். அங்கே தண்ணீர் தேங்காது, தகரமும் சட்டத்தோடு ஒட்டி உட்காரும். மேட்டுக்கு நீள ஸ்க்ரூ, பள்ளத்துக்குக் குட்டை. மாறிப் போனால் பர்லினைத் தொடாமலே பாதியில் நின்றுவிடும். கீழே நிற்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

கைப்பழக்கம் கடைசி அரைச் சுற்றில் இருக்கிறது. புதுப் பையன் ஒருவன் ஸ்க்ரூ மெஷினின் விசையை விடாமல் அழுத்தினான். ரப்பர் பிதுங்கி வாஷருக்கு வெளியே உதடாய்த் தள்ளியது, மேடும் லேசாக அமுங்கிவிட்டது. "தம்பி, ரப்பர் வெளிய எட்டிப் பாக்கணும். வெளிய வரக் கூடாது" என்றார் மேஸ்திரி. பிதுங்கின ரப்பர் வெயிலில் வெடிக்கும். தொளதொளவென்று விட்டால் முதல் மழைக்கே சொட்டும். சிறிது நேரத்தில் பையனின் ஸ்க்ரூக்கள் சாய்ந்து நிற்கத் தொடங்கின. மேஸ்திரி சாக்கெட்டைக் கழற்றிப் பலகையில் தட்டினார். உள்ளே இருந்த காந்தத்தில் இரும்புத் துருவல் அப்பியிருந்தது. அதன்மேல் ஸ்க்ரூத் தலை எப்படி நேராக உட்காரும்?

வேலை முடிந்ததும் அந்தத் துருவலைக் கூரையெங்கும் பெருக்குகிறார்கள். விட்டால் இரவுப் பனியில் துருப்பிடித்துப் புது ஷீட்டில் பழுப்புப் புள்ளி விழும். திட்டு ஷீட் கம்பெனிக்கு.

கூலி சதுர அடிக் கணக்கு. அடிக்கிற ஸ்க்ரூவுக்குத் தனிக் காசு கிடையாது. குறைத்து அடித்தால் நேரம் மிச்சம், பொருளும் மிச்சம். கொட்டேஷனில் ஷீட்டின் கம்பெனி, கனம், நிறம் எல்லாம் இருக்கும். ஸ்க்ரூ எத்தனை என்று எழுதி நான் பார்த்ததில்லை. ஷெட்டின் மொத்தச் செலவில் அது கொசுறு. அங்கே கைவைப்பதுபோல முட்டாள்தனமான சிக்கனம் வேறில்லை என்பேன்.

மில்காரர் கீழிருந்து கேட்டார்: "ஏன் மேஸ்திரி, நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு அடிக்கிறீங்க, ஓரத்துல மட்டும் எல்லா மேட்டுலயுமா?"

"ஓரத்துலேருந்துதான் மொதலாளி உரியும். அங்க கொறைக்கணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

இன்னொரு பெட்டி ஸ்க்ரூ வாங்கிவர வண்டி போனது.